கட்டட வரைபடமும் தீயணைப்பு என்ஓசியும்: மும்பையில் பட்ட அனுபவங்கள்

செம்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் நான்கு மாடி வீட்டுவசதிச் சொசைட்டி, பழையதை இடித்துப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்ட்டுக்குப் போனபோது கமிட்டிச் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கில் 15 மீட்டரைத் தொட்டாலே அது உயர்மாடிக் கட்டடம். எங்கள் புதுக் கட்டடமோ 40 மீட்டரைத் தாண்டியது. ஆகவே தலைமைத் தீயணைப்பு அதிகாரியின் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, இல்லாமல் கோப்பு நகராது என்று ஆர்க்கிடெக்ட் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். இந்த ஊரில் மாநகராட்சி தரும் முதல் அனுமதிக்கு ஐஓடி என்று பெயர். விரித்துப் படித்தால் 'ஏற்க மறுக்கும் அறிவிப்பு' என்றுதான் பொருள் வரும். 1888ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தின் வாசனை இன்னும் போகவில்லை. அந்தத் தாளைப் பார்த்து, "மறுத்துவிட்டார்களே!" என்று பதறிய எங்கள் பெரியவர்களுக்கு நிபந்தனைகளோடு கூடிய சம்மதம்தான் அது என்று புரியவைக்க ஒரு முழு மாலை ஆயிற்று.

வரைபடத்தைப் பார்த்த தீயணைப்பு அதிகாரி மாடிகளின் பக்கமே போகவில்லை. முதலில் தரைத்தளத் தாளை விரித்து, கட்டடத்தின் பின்புறம் வரிசையாக வரைந்திருந்த கார்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டார். "பதினோராவது மாடியில் பின்பக்கச் சமையலறை எரிந்தால் என் ஏணி வண்டி எங்கே நிற்கும்?" என்று கேட்டார். வண்டி போக 6 மீட்டர் அகலம் வேண்டும் என்பது எங்கள் ஆர்க்கிடெக்டுக்குத் தெரியாததல்ல. காகிதத்தில் 6 மீட்டர் இருக்கத்தான் செய்தது, ஆனால் அதில் இரண்டு மீட்டருக்கு மேல் கார்களுக்கே போய்விட்டது. அடுத்த வட்டம் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மீது விழுந்தது. தொட்டி வண்டிப்பாதைக்கு அடியில் இருந்தது. அதன் மேல்தளம் கார்களின் பாரத்துக்கு மட்டுமே கணக்கிடப்பட்டிருந்தது. விதித்தொகுப்போ 45 டன் வரையுள்ள தீயணைப்பு வண்டியைத் தாங்க வேண்டும் என்கிறது. தீயை அணைக்க வந்த வண்டி, தீயை அணைப்பதற்கென்று வைத்த தண்ணீருக்குள்ளேயே இறங்கியிருக்கும். அன்றைக்கு நான் சிரித்தேன். வீடு திரும்பும் ரயிலில் சிரிப்பு வரவில்லை.

பெரிய சண்டை வந்தது ரெஃப்யூஜ் ஏரியாவுக்காகத்தான். தீயின்போது கீழே இறங்க முடியாதவர்கள் வெளிக்காற்றோடு ஒதுங்கி நிற்க, 24 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட கட்டடத்தில் ஆளுக்கு 0.3 சதுர மீட்டர் என்ற கணக்கில் விடும் இடம் அது. எட்டாம் மாடியில் அவ்வளவு இடம் சும்மா கிடப்பதா என்று பொதுக்குழுவில் கேள்வி எழுந்தது. நவராத்திரிக்குக் கொலு வைக்கலாம் என்றார் ஒரு மாமி. மழைக்காலத்தில் துணி உலர்த்தலாம், சாரல் அடிக்காமல் கண்ணாடி போட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். கண்ணாடி போட்டால் அங்கே புகை தங்கும், அதன்பின் அது ஒதுங்கும் இடமே அல்ல என்று நான் சொன்னது எடுபடவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஆர்க்கிடெக்ட் வந்து, 2017 டிசம்பர் 29 அன்று கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகங்களில் தீப்பற்றி 14 பேர் இறந்ததை நினைவுபடுத்திய பிறகுதான் பேச்சு அடங்கியது.

சயானிலிருந்து மற்றொருவர்:

செம்பூர் ஐயா எழுதியதைப் படித்ததும் என் பழைய வேலை நினைவுக்கு வந்தது. நான் பல ஆண்டுகள் வரைவாளராக இருந்தவன். எங்கள் வரைபடங்கள் திரும்பி வந்ததற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: மாடிப்படியை அப்படியே பேஸ்மென்ட் வரை இறக்கியிருப்போம், அல்லது மின்கம்பிகள் மாடிக்கு மாடி ஏறும் செங்குத்துப் பொந்தான டக்டை ஒவ்வொரு தளத்திலும் அடைத்திருப்பதாகக் காட்டியிருக்க மாட்டோம். முதலாவதில், கீழே பிடித்த தீயின் புகை படிவழியாகவே வீடுகளுக்கு ஏறும். இரண்டாவதை நான் வெறும் சம்பிரதாயம் என்றே எண்ணியிருந்தேன். 2010 பிப்ரவரியில் பெங்களூரு கார்ல்டன் டவர்ஸில் டக்ட் வழியே புகை மேலேறி, ஒன்பது பேர் உயிரிழந்த செய்தி வந்த வாரம், மேசையிலிருந்த எல்லா வரைபடங்களையும் எடுத்து அந்த ஒரு கோட்டை மட்டும் தேடினேன். மூன்றில் இல்லை.

ஐயா, ஒன்று கேட்க வேண்டும்: பின்புறக் கார்களை எடுத்தபோது இடம் இழந்தவர்கள் ஒத்துக்கொண்டார்களா?

செம்பூர் உறுப்பினர்:

எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று இடங்கள் போயின. பில்டர் அவற்றுள் இரண்டை ஸ்டில்ட்டில், அதாவது கட்டடத்தின் அடியில் தூண்களுக்கு இடையே உள்ள திறந்த தளத்தில், அடுக்கு பார்க்கிங்காக மாற்றித் தந்தார். மூன்றாமவர், 80 வயதை நெருங்கும் ரயில்வே ஓய்வூதியர், என்னோடு நான்கு மாதம் பேசவில்லை. குடியேற அனுமதிக்கும் சான்றான ஓசிக்கு முன்பான இறுதிச் சோதனைக்கு அதிகாரிகள் வந்த அன்று அவர்தான் முதலில் கீழே இறங்கி வந்தார். நுழைவாயிலில் டேப்பின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு, கேட் முழுவதும் மடங்கிச் சுவரோடு ஒட்டாததையும் அவரே சுட்டிக்காட்டினார். கீலை மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. இப்போது ஜனவரியிலும் ஜூலையிலும் உரிமம் பெற்ற ஏஜென்சி வந்து, தீயணைப்பு ஏற்பாடுகள் சரியாக இருக்கின்றன என்று பி படிவச் சான்றிதழ் தரும்போதெல்லாம், எட்டாம் மாடிக்கு அவர்களைக் கூட்டிப்போவதும் அவர்தான்.