ஸ்கேன் பிடிஎஃப் படிக்க இ-ரீடர்: 7.8 அங்குலமா, 10.3 அங்குலமா?

வணக்கம். இ-ரீடர் வாங்குவதில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. படிக்க வேண்டியவை பெரும்பாலும் ஏ4 அளவில் ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்கள். இப்போது இருப்பது 6 அங்குலம், 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்). திரையின் அகலம் சுமார் 9 செ.மீ.தான், ஏ4 தாளோ 21 செ.மீ. முழுப் பக்கத்தையும் வைத்தால் 12 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட் ஆகிவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளியே மறைந்துபோகிறது, 'க'வா 'க்'கா என்று ஊகித்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

செய்து பார்த்தவை: ஓரங்களை வெட்டினேன், கொஞ்சம் பரவாயில்லை. காலிபர் என்ற மென்பொருளில் இபப் மின்னூலாக மாற்றினால் ஸ்கேன் பக்கம் வெறும் படமாகவே வருகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளோ ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடுகின்றன. கேஓரீடர் என்ற படிப்புச் செயலியின் ரீஃப்ளோ (வரிகளைத் திரை அகலத்துக்கு ஏற்ப மடக்கி அமைப்பது) உரைநடைக்கு உதவுகிறது, ஆனால் செய்யுளில் அடிகளை உடைத்துவிடுகிறது. செய்யுள்தான் எனக்கு முக்கியம். பக்கத்தைக் கிடைமட்டமாகத் திருப்பிப் படிக்கலாம், அடிக்கடி நகர்த்த வேண்டும் என்பதுதான் தொல்லை.

வண்ணத் திரை வேண்டாம். வண்ண வடிகட்டியால் பின்புலம் மங்கிவிடும், அதற்குக் கூடுதல் விலை வேறு. பேனா, ஆடியோ, நீர்புகாத் தன்மை எதுவும் தேவையில்லை. முன்விளக்கும் கேஓரீடர் நிறுவும் வசதியும் கட்டாயம்.

7.8 அங்குலம் 300 பிபிஐ, விலை குறைவு. 10.3 அங்குலம் 227 பிபிஐ, விலை நன்றாகவே கூடுகிறது, எடையும்தான். இரண்டிலும் மொத்தப் பிக்சல்கள் ஒன்றே: 1872 × 1404.

ஓரம் வெட்டிய ஏ4 ஸ்கேன் பக்கத்தைப் பெரிதாக்காமல், மெய்யெழுத்துப் புள்ளிகள் தெளிவாகத் தெரியும்படி 7.8 அங்குலத்தில் படிக்க முடிகிறதா, இல்லை 10.3தான் வாங்க வேண்டுமா?