அப்பாவுக்கு சுகர், மூலிகை எக்ஸ்ட்ராக்ட் கொடுத்தா உள்ளழற்சி குறையுமா? சேலம் பக்கம் யாராச்சும் சொல்லுங்க

அம்மாபேட்டை பையன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்க படிச்சிட்டு மட்டும் போய்ட்டு இருந்தேன், இப்ப எங்கப்பா விஷயமா கேக்க வேண்டியதாயிருச்சு. வயசு 61, முப்பது வருஷத்துக்கு மேல தறியில உக்காந்தவரு. சுகர் வந்து 12 வருஷம். காலையிலயும் ராத்திரியும் மெட்ஃபார்மின், காலையில கூட கிளிமிபிரைடு ஒண்ணு. போன மாசம் டெஸ்ட்ல எச்பிஏ1சி (மூணு மாச சுகர் சராசரி) 8.6, கிட்னிக்குப் பாக்கற கிரியேட்டினின் 1.5, சிஆர்பின்னு ஒண்ணு எடுத்தாங்க அதுவும் கூடுதலா இருக்குன்னாங்க.

இதுக்கு நடுவுல பெரியப்பா ஏற்காடு போய்ட்டு வரும்போது ரோட்டோரக் கடையில ஒரு பொடி பாக்கெட் வாங்கிட்டு வந்துட்டாரு, மேல பேரும் இல்ல தேதியும் இல்ல, "பதினெட்டு மூலிகை"ன்னு மட்டும் பேனாவுல எழுதியிருக்கு. அப்பா ஃபோன்ல ஒரு வீடியோ வேற பாத்துட்டாரு, சுகருக்கு மூலகாரணமே உடம்புக்குள்ள இருக்கற வீக்கம்தான், செடி எக்ஸ்ட்ராக்ட் அந்த வீக்கத்த எடுத்துரும், அப்பறம் மாத்திரையே வேணாம்னு அதுல சொல்றாங்க. அதுலேர்ந்து நாலு நாளா ராத்திரி மெட்ஃபார்மின போடறதில்ல. கேட்டா "மாத்திரை கிட்னிய கெடுக்கும், மூலிகை கெடுக்காது"ங்கறாரு. கால் எரியுது, பல்லு ஒண்ணு ஆடுது, விளக்கும்போது ஈறுல ரத்தம் வருது, எல்லாத்துக்கும் சுகர்தான் காரணம்னு அவரே முடிவு பண்ணிட்டாரு.

வீக்கம்தான் சுகருக்குக் காரணம்ங்கறது உண்மையா? செடியில அதுக்கு மருந்து இருக்கா? வாதம் பண்ணி ஜெயிக்கற ஆள் இல்லீங்க எங்கப்பா, அவர்கிட்ட எப்படிப் பேசறதுன்னும் சொல்லுங்க.

மருந்தியல் லேப் எழுதினது:

தம்பி, நான் ஃபார்மசி காலேஜ் லேப்ல வேலை பாக்கறேன், செடி எக்ஸ்ட்ராக்ட் வச்சுதான் பொழப்பே, அதனால செடிய மட்டம் தட்ட இத எழுதல. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமையாப் படிங்க.

அந்த வீடியோ சொன்னதுல பாதி உண்மை. வீக்கம்னா காலு வீங்கறது இல்ல, அழற்சி. தொப்பைக் கொழுப்புக்குள்ள நோய் எதிர்ப்பு செல்லுங்க வந்து குடியேறி, டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 6 மாதிரி அழற்சியத் தூண்டற சரக்க விட்டுக்கிட்டே இருக்கும், அதனால இன்சுலின் சொல்றத செல்லு கேக்காமப் போயிரும். 1993ல குண்டு எலிகளோட கொழுப்புல டிஎன்எஃப் ஆல்ஃபா கூடுதலா இருக்கறதையும் அத அடக்கினா இன்சுலின் நல்லா வேலை செய்யறதையும் கண்டுபிடிச்சாங்க, அதுலேர்ந்து இது பெரிய ஆராய்ச்சி. உங்கப்பா சிஆர்பி ஏறியிருக்கறதும் எங்கயோ அழற்சி இருக்குங்கறதுக்கு அடையாளம்தான். ஆனா எங்கன்னு அந்த டெஸ்ட் சொல்லாது.

சரி, அழற்சிய அடக்கினா சுகர் எவ்வளவு எறங்கும்? இத மனுசங்ககிட்டயே பாத்திருக்காங்க. வில்லோன்னு ஒரு மரத்துப் பட்டையிலேர்ந்து பொறந்த குடும்பம் சாலிசிலேட், ஆஸ்பிரின் அதுல ஒண்ணு, சால்சலேட் இன்னொண்ணு. 286 பேர வச்சு 48 வாரம் நடந்த சோதனை 2013ல வெளிவந்துச்சு, தினம் 3.5 கிராம் சால்சலேட் கொடுத்ததுல எச்பிஏ1சி டம்மி மாத்திரைய விட சராசரியா 0.37 தான் கம்மி. கூடவே எடையும் கெட்ட கொலஸ்ட்ராலும் கொஞ்சம் ஏறுச்சு, யூரின்ல ஆல்புமினும் ஏறி, மருந்த நிறுத்தினப்பறம் எறங்குச்சு. அதாவது அழற்சிய அடக்கறதால பலன் நிஜமாவே இருக்கு, ஆனா 8.6 இருக்கறவரு மாத்திரைய தூக்கிப் போடற அளவுக்கு இல்ல.

இப்ப செடிக்கு வரேன். லேப்ல நாங்க பண்றது என்னன்னா, எலியோட மேக்ரோஃபேஜ்ங்கற நோய் எதிர்ப்பு செல்ல தட்டுல வளத்து, பாக்டீரியா சரக்கு ஒண்ணு போட்டு கோவப்படுத்தி, மேல எக்ஸ்ட்ராக்ட ஊத்திப் பாப்போம். அழற்சி குறையற மாதிரி காட்டாத செடிய தேடறதுதான் கஷ்டம், அவ்வளவு செடி அங்க பாஸ் ஆயிரும். மஞ்சள்ல இருக்கற குர்குமின் பல டெஸ்டுலயே குறுக்க பூந்து பொய் ரிசல்ட் காட்டும்னு 2017ல வேதியியல் ஆளுங்க விலாவாரியா எழுதினாங்க. எலி சோதனையிலயும் ஒரு விஷயம் இருக்கு, பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு கணையத்துல இன்சுலின் சுரக்கற செல்ல அழிச்சுதான் எலிக்கு சுகர் வர வைப்பாங்க. உங்கப்பாவுக்கு அப்படி வரல. நம்ம ஆவாரம்பூவுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல 2002ல நல்ல ரிசல்ட் வந்தது, அதுவும் இந்த மாதிரி எலிதான்.

டோஸையும் பாருங்க. எலிக்கு கிலோவுக்கு 400 மில்லிகிராம் கொடுத்தா மனுசனுக்கு கணக்கு சுமாரா 6ஆல வகுக்கணும், அப்ப கிலோவுக்கு 65 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு தினம் 4 கிராம் காஞ்ச எக்ஸ்ட்ராக்ட். நூறு கிராம் எலையில பத்து கிராம் எக்ஸ்ட்ராக்ட் தேறும்னு வச்சாலும் தினம் 40 கிராம் காஞ்ச எலை ஆவுது. பொடி பாக்கெட்ல ஒரு ஸ்பூன் எங்க, இது எங்க.

மாத்திரைன்னா கெமிக்கல், செடின்னா மருந்துன்னு பிரிக்கறதே தப்புன்னு உங்கப்பாகிட்ட சொல்லுங்க. அவர் போடற மெட்ஃபார்மினோட தாய்வீடே கலேகான்னு ஐரோப்பாவுல மொளைக்கற ஒரு செடிதான். அந்தச் செடியில இருந்த சரக்கு விஷமா இருந்துச்சு, வேதியியல்ல மாத்தி மாத்திப் பாத்து 1922ல மெட்ஃபார்மின செஞ்சாங்க, 1957ல பிரான்ஸ்ல ழான் ஸ்டெர்ன்ங்கற டாக்டர் சுகருக்குக் கொடுத்து எழுதினாரு. செடியில இருந்த சரக்க அடிப்படையா வச்சு, விஷம் கொறைச்சு செஞ்சு, அளந்து கொடுக்கறதுதான் அந்த மாத்திரை.

கிட்னி விஷயத்துல அவர் தலைகீழாப் புரிஞ்சு வச்சிருக்காரு. மெட்ஃபார்மின் கிட்னிய கெடுக்காது, கிட்னி வேற காரணத்தால ரொம்ப எறங்கிட்டா மெட்ஃபார்மின் உடம்புல தங்கிரும், அதனாலதான் டோஸ் கொறைப்பாங்க. இந்த வயசுக்கு கிரியேட்டினின் 1.5ன்னா ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி வடிகட்டற அளவு, 52 பக்கம் வரும். 45க்கு கீழ போனா டோஸ யோசிப்பாங்க, 30க்கு கீழ நிறுத்துவாங்க. ஆனா சில மூலிகை கிட்னிய கெடுக்கும், ரத்தமும் சதையுமா சாட்சி இருக்கு. 1990கள்ல பெல்ஜியத்துல எடை குறைக்கற மாத்திரையில ஒரு மூலிகைக்குப் பதிலா அரிஸ்டோலோக்கியா வகை மூலிகை கலந்துருச்சு, நூறு பொம்பளைங்களுக்கு மேல கிட்னி போச்சு. நம்ம ஊர் ஆடுதீண்டாப்பாளை அதே குடும்பம், அதே விஷம் அதுலயும் இருக்கு. பேர் போடாத பதினெட்டு மூலிகையில எது எதுக்குப் பதிலா விழுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?

அந்தப் பொடிய நிறுத்துங்க. ராத்திரி மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்க.

செவ்வாய்பேட்டை அக்கா எழுதினது:

தம்பி, சார் எல்லாம் சொல்லிட்டாரு, நான் எங்க வீட்டுல நடந்தத மட்டும் சொல்றேன். எங்க மாமியாரும் கிளிமிபிரைடுதான். ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு விரதம் இருந்தாங்க, காலையில பாகற்காய் ஜூஸ் ஒரு டம்ளர், மாத்திரையும் போட்டுக்கிட்டாங்க, சாப்பாடு இல்ல. பத்தரை மணிக்கு வேர்த்துக் கொட்டுது, பேச்சு கொழறுது, நாங்க பக்கவாதம்னு பயந்துட்டோம். குத்திப் பாத்தா 48. சர்க்கரைத் தண்ணி கொடுத்தப்பறம்தான் முழிச்சாங்க. விரதமும் மாத்திரையும்தான் முக்கியக் காரணம்னு டாக்டர் சொன்னாரு, ஆனா மேல மேல சுகர் எறக்கற எதையும் கேக்காம சேக்காதீங்கன்னும் சொன்னாரு. மெட்ஃபார்மின் தனியா சுகர இப்படி ஆபத்தா எறக்காதாம், கிளிமிபிரைடு எறக்கும். உங்கப்பா அப்படி எறக்காதத விட்டுட்டு எறக்கறத போட்டுட்டு கூட பொடியும் திங்கறாரு, எனக்குப் படிக்கும்போதே பக்குன்னுச்சு. வீட்டுல குளுக்கோமீட்டர் இல்லன்னா மொதல்ல அத வாங்குங்க.

செம்மடுவு மிளகு எழுதினது:

நான் மேல ஏற்காட்டுல காப்பித் தோட்டம் வச்சிருக்கேன், சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி. மஞ்சளோட மிளகு சேத்தா இருபது மடங்கு வேலை செய்யும்னு எங்ககிட்ட மிளகு வாங்க வர்றவங்கல்லாம் சொல்றாங்க. நெசமா சார்? இன்னொண்ணு, சிறுகுறிஞ்சான் எலைய மென்னுட்டு சர்க்கரைய வாயில போட்டா மண்ணு மாதிரிதான் இருக்கும், இனிப்பே தெரியாது. அதனால அது சுகர கொல்லும்னு எங்க பெரியவங்க சொல்வாங்க.

ரோட்டோரப் பொடி பத்தி ஒரு வார்த்தை. மேல விக்கறதெல்லாம் மலையில வெளைஞ்சதுன்னு நெனைக்காதீங்க, கீழேர்ந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர்ற சரக்கும் உண்டு. எனக்கே எது எதுன்னு தெரியாது.

மருந்தியல் லேப் எழுதினது:

அண்ணா, அந்த இருபது மடங்கு பெங்களூர்ல 1998ல செஞ்சது. 2 கிராம் குர்குமினோட மிளகுல இருக்கற பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தாங்க, ரத்தத்துல குர்குமின் 2000 சதவீதம் ஏறுச்சு. ரத்தத்துல ஏறுச்சுன்னுதான் பாத்தாங்க, சுகர் எறங்குச்சான்னு பாக்கல. உங்க மிளகுல பைப்பரின் நூத்துக்கு அஞ்சு பக்கம் இருக்கும், அரை கிராம் மிளகே போதும். ஆனா மஞ்சள்ல குர்குமின் நூத்துக்கு மூணுதான் தேறும், 2 கிராம் குர்குமினுக்கு அறுபது கிராம் மஞ்சத்தூளுக்கு மேல வேணும், கொழம்புல யாரு அவ்வளவு போடறா. அதனாலதான் கேப்சூல் விக்கறாங்க. அந்த கேப்சூல சாப்பிட்டு ஈரல் அழற்சி வந்தவங்க இத்தாலியிலயும் அமெரிக்காவுலயும் பதிவாகியிருக்காங்க. பைப்பரின் வேற மருந்துகளையும் ரத்தத்துல ஏத்தி விட்டுரும். சமையல்ல மஞ்சளும் மிளகும் தாராளமாப் போடுங்க, பயமே வேணாம்.

சிறுகுறிஞ்சான் எனக்கு ரொம்பப் பிடிச்ச செடி. இனிப்பு தெரியாமப் போறது ஜிம்னீமிக் ஆசிட் நாக்குல இனிப்ப உணர்ற இடத்த மறைச்சுக்கறதால, அது நாக்கு விஷயம், ரத்த விஷயம் தனி. ஆனா சென்னைப் பல்கலைக்கழகத்துல 1990ல 22 பேருக்கு தினம் 400 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட் ஒன்றரை வருஷத்துக்கு மேல கொடுத்தாங்க, மாத்திரையோட சேத்து. சுகர் எறங்குச்சு, அஞ்சு பேரு மாத்திரையவே நிறுத்தினாங்க. டம்மி மாத்திரை வச்சு, சீட்டுக் குலுக்கிப் பிரிச்சு செஞ்ச சோதனை இல்ல அது. நம்ம மண்ணுல ஆரம்பிச்ச வேலைய நாமளே பெருசா, ஒழுங்கா செஞ்சு முடிச்சிருக்கணும்ங்கறது என்னோட ஆதங்கம்.

சித்தா டாக்டரம்மா எழுதினது:

நான் பாளையங்கோட்டையில சித்தா படிச்சவ, இப்ப சேலத்துல பாக்கறேன். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ"ன்னு சொல்லி வளந்த ஊரு நம்மது, பொங்கலுக்கு காப்புக் கட்டறதே ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலைதான். எங்க மதுமேக (சுகர்) மருந்துல ஆவாரைக் குடிநீர் முக்கியம், ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை ஏழும் சேரும். எதுல எவ்வளவு, எப்படிக் காய்ச்சறது, என்ன பத்தியம்னு எல்லாம் இருக்கு. பேனாவுல எழுதின பாக்கெட்ட சித்த மருந்துன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி இல்லாத எதையும் என் பேஷண்ட்ட நான் தொட விடமாட்டேன். 12 வருஷ சுகர், கிரியேட்டினின் 1.5, இவருக்கு மாத்திரைய நிறுத்திட்டு வாங்கன்னு சொல்ற சித்த வைத்தியர்கிட்ட போகாதீங்க.

தம்பி, நீங்க போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க, பல்லு ஆடுது, ஈறுல ரத்தம் வருதுன்னு. அதப் பாருங்க மொதல்ல. ஈறு நோய் சுகர ஏத்தும், சுகர் ஈறு நோய ஏத்தும். ஈறு வைத்தியம் பண்ணின சுகர்காரங்க சோதனைகளையெல்லாம் 2022ல மருத்துவ ஆய்வுகள அலசற காக்ரேன் அமைப்பு தொகுத்தாங்க, மூணு நாலு மாசத்துல எச்பிஏ1சி சராசரியா 0.43 எறங்கியிருக்கு.

மருந்தியல் லேப் எழுதினது:

அம்மா, நான் அத கவனிக்காம விட்டுட்டேன், நன்றிங்க. சால்சலேட்ல கெடச்சது 0.37, ஈறு சுத்தம் பண்ணினதுல 0.43. ரெண்டும் வேற வேற சோதனை, நேரா ஒப்பிடக் கூடாது, ஆனா ரெண்டும் அழற்சியத் தணிக்கற வைத்தியம்தான்.

அம்மாபேட்டை பையன் எழுதினது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, மூணு வாரம் கழிச்சு வந்து எழுதறேன். மெட்ஃபார்மின் ஒரு செடியிலேர்ந்து வந்ததுன்னு சொன்னேன், நம்பல, ரெண்டு தடவ கேட்டாரு, அப்பறம் அன்னைக்கு ராத்திரியே போட்டுக்கிட்டாரு. பெரியப்பாவுக்குத்தான் கோவம், பொடிய நான் எடுத்து ஒளிச்சு வச்சதுல. பாக்கெட்ட டாக்டர்கிட்ட கொண்டு போய் காட்டினோம், அவரும் வேணாம்னுட்டாரு, கிளிமிபிரைடுல பாதியா கொறைச்சிருக்காரு, வேற ஒரு மாத்திரை சேத்திருக்காரு.

பல் டாக்டர்கிட்டயும் போனோம். ரெண்டு பக்கமும் ஈறுக்குள்ள சீழ் இருந்திருக்கு, ஆடின பல்ல எடுத்துட்டாங்க, மீதிய ரெண்டு தடவயா சுத்தம் பண்ணியாச்சு. அப்பா வெத்தலை பாக்கு போடறத விட்டு பத்து நாள் ஆச்சு, இது எங்கம்மா இருபது வருஷமா கேட்டு நடக்காதது. காலையில வெறும் வயித்துல 190 இருந்தது இப்ப 150 பக்கம் வருது, எதனால எறங்குச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆவாரம்பூ டீ குடிக்கலாமான்னு கேக்கறாரு. அடுத்த டெஸ்ட் எப்ப எடுக்கறது?

மருந்தியல் லேப் எழுதினது:

மாத்திரை, ஈறு, வெத்தலைன்னு எல்லாம் ஒரே நேரத்துல மாறியிருக்கு, அதனால எதுன்னு பிரிக்க முடியாது, பரவால்ல தம்பி. எச்பிஏ1சி மூணு மாசத்து சராசரி, அதுக்கு முன்னாடி எடுத்தா காசுக்குக் கேடு. அன்னைக்கே சிஆர்பியும் கிரியேட்டினினும் சேத்து எடுங்க. ஆவாரம்பூ டீ அதுவரைக்கும் வேணாம், சித்தா டாக்டரம்மா பாத்து சரின்னா அப்பறம் ஆரம்பிக்கட்டும், ஆரம்பிச்ச தேதிய நோட்டுல எழுதி வைங்க.