நிக்கோடெமஸ் எங்கே?

டென்வர்வாசி:
2014 கோடையில் கான்சாஸ் சிட்டிக்குக் காரில் போகும்போது எல்லிஸ் என்ற சிற்றூரில் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பினேன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் அமைத்த நிக்கோடெமஸ் என்ற ஊரைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கோதுமை அறுவடை முடிந்திருந்தது. இருபுறமும் மஞ்சள் பூத்த அரிதாள், நடுவில் சாலை. ஒதுங்க ஒரு மர நிழல் இல்லை.

1877இல் கென்டக்கியிலிருந்து புறப்பட்ட கறுப்பின மக்கள் எல்லிஸ் வரை ரயிலில் வந்தார்கள். அதற்கப்பால் 35 மைல், பாதையே இல்லாத புல்வெளி. அடிமைத்தளை அறுந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. செப்டம்பரில் மட்டும் சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள். டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளை நில வியாபாரியும் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் பாதிரியாரும் சேர்ந்து தொடங்கிய ஊர் நிறுவனம், செழிப்பான பூமி என்று ஆசை காட்டித் துண்டறிக்கை விட்டிருந்தது. வந்து பார்த்தால் வீடு கட்ட மரம் இல்லை. மேட்டைக் குடைந்து குழிவீடு அமைத்துக்கொண்டார்கள். ஏர் இல்லாதவர்கள் மண்வெட்டியால் நிலத்தைக் கொத்தினார்கள். அடுப்பெரிக்கச் சூரியகாந்தித் தண்டும் எருமைச் சாணமும்தான். பலர் மனம் உடைந்து திரும்பிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

1878 வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மனின் நினைவுக்குறிப்பை எத்தனை முறை படித்தாலும் தொண்டை அடைக்கிறது. வழியில் எல்லிஸிலேயே தட்டம்மைக்குக் குழந்தைகள் சிலரைப் பறிகொடுத்த கூட்டம் அது. 'அதோ நிக்கோடெமஸ்' என்று ஆண்கள் கூவ, அவரோ 'எங்கே, எங்கே' என்று தேடுகிறார். தரையிலிருந்து புகை எழுவது மட்டும் தெரிகிறது. அதுதான் ஊர். அவர் அழுதுவிட்டார்.

1939இல் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய டவுன்ஷிப் ஹாலில் (ஊர் மன்றத்தில்) ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். முதல் குடிகளின் வழிவந்தவர். "எங்கள் முன்னோர் அந்த முதல் குளிர்காலத்தைத் தாண்டியதே ஓசேஜ் பழங்குடி மக்கள் வேட்டையிலிருந்து திரும்பும் வழியில் இறைச்சி கொடுத்ததால்தான்" என்றார். தலைமுறை தலைமுறையாக வீட்டில் சொல்லிவரும் செய்தியாம். பேசி முடித்ததும் சன்னல் வழியே தெற்கைக் காட்டி, "ரயில் அந்தப் பக்கம் போய்விட்டது" என்றார். நேற்று நடந்ததைச் சொல்வதுபோல இருந்தது.

விசிட்டாக்காரன்:
அண்ணா, அந்த ரயில் கதைக்காகவே நானும் அங்கே போனேன். வரைபடத்தில் பார்த்தால் மனம் ஆறாது. ஊருக்குத் தெற்கே தென்கிளை சாலமன் ஆறு. ஆற்றுக்கு வடக்கே நிக்கோடெமஸ், தெற்கே போக் (Bogue) என்ற ஊர். இடையே சில மைல்தான். 1887இல் மிசோரி பசிபிக் ரயிலை வரவழைக்க இந்த மக்கள் 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். அந்த ரயில் வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் ஆற்றுக்குத் தெற்கே தண்டவாளம் போட்டது. கடைக்காரர்கள் கட்டடங்களையே பெயர்த்துக்கொண்டு போக்குக்குப் போனார்கள். நான் போக்கிலிருந்து நிக்கோடெமஸுக்குக் காரில் போய்ப் பார்த்தேன். ஒரு பாட்டுக் கேட்டு முடிப்பதற்குள் வந்துவிடுகிறது. ஓர் ஊரின் தலையெழுத்தை இவ்வளவு சின்னத் தூரம் மாற்றிவிட்டதே என்று இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. கான்சாஸ் மாநிலத் தணிக்கையாளராக 1882இலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட எட்வர்ட் மெக்கேப் வாழ்ந்த ஊர் அது! பிறகு 1930களின் புழுதிப்புயல். 1953இல் அஞ்சலகத்தையும் மூடினார்கள்.

ஒமாஹாவிலிருந்து:
தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஊர் மூடப்படவில்லை. ஜூலைக் கடைசி வார இறுதியில் போய்ப் பாருங்கள். அடிமை விடுதலை நாள் கொண்டாட்டமாகத் தொடங்கிய விழாவை இப்போது ஹோம்கமிங் (ஊர் திரும்புதல்) என்கிறார்கள். அந்த மூன்று நாளும் சாலையோரம் முழுக்க வெளிமாநிலக் கார்கள். விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே குடியிருக்கும் ஊரில் நடக்க இடமில்லை. பழைய பாப்டிஸ்ட் தேவாலயம், ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) தேவாலயம், பள்ளிக்கூடம், செயின்ட் பிரான்சிஸ் ஓட்டல், டவுன்ஷிப் ஹால் ஆகிய ஐந்து கட்டடங்களும் 1996 முதல் தேசிய வரலாற்றுத் தலம். ஆனால் நான் அதிக நேரம் நின்றது கல்லறைத் தோட்டத்தில்தான். ஓர் இளைஞர் தன் சிறுமியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் பெயர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் தன் குடும்பப் பெயர் வரும்போதெல்லாம் அவர் தோளைத் தட்டினாள். பல முறை தட்டினாள்.

போகிறவர்கள் பக்கத்து ஊரான ஹில் சிட்டியிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். நிக்கோடெமஸில் பங்க் கிடையாது.