நாய்க்கடிக்குத் தந்த கோ-அமொக்சிகிளாவ் குளிசையும் வயிற்றோட்டமும்

கேள்வி (கோண்டாவில்): நாய் கடித்த என் தந்தைக்கு (வயது 68) நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியுடன் கோ-அமொக்சிகிளாவ் 625 மி.கி. என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசையும் தந்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து வயிற்றோட்டம். குளிசையை நிறுத்தலாமா?

பதில் 1: நீங்களாக நிறுத்த வேண்டாம், தங்கச்சி, மருத்துவரைக் கேளுங்கள். அதில் 500 மி.கி. அமொக்சிசிலினும் 125 மி.கி. கிளவுலானிக் அமிலமும் உள்ளன. அமொக்சிசிலினைச் சிதைக்கவெனப் பல பற்றீரியாக்கள் சுரக்கும் நொதியை அவ்வமிலம் முடக்கிவிடுவதால், நாயின் வாயிலுள்ள பலவகைக் கிருமிகளுக்கும், சைனஸ், காதுத் தொற்றுகளுக்கும் இது பயன்படுகிறது. வயிற்றோட்டம் இதன் பொதுவான பக்கவிளைவு. சோற்றின் முதற்பிடியோடு விழுங்கினால் வயிற்றுத் தொல்லை குறையும். மலத்தில் இரத்தம் கண்டாலோ காய்ச்சல் வந்தாலோ, உடலில் தடிப்பு எழுந்தாலோ, அன்றே காட்டுங்கள்.

பதில் 2: இக்குளிசை அரிதாக ஈரலையும் பாதிக்கலாம், அதை மறக்க வேண்டாம். என் பெரியப்பாவுக்குக் குளிசை முடிந்து மூன்று கிழமைகளின் பின்னரே கண் மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போனது. 65 வயதைக் கடந்த ஆண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அப்பா இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் குளிசை எடுக்கிறாரா?

கேட்டவர்: ஆம், எடுக்கிறார், அதை அன்று சொல்லத் தவறிவிட்டோம்.

பதில் 2: அப்படியானால் இரண்டும் சேரும்போது இரத்தம் உறையும் தன்மை மேலும் குறையக்கூடும். கிளினிக் கொப்பியுடன் இன்றே போய், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்விக்கக் கேளுங்கள்.