பிரான்ஸ் கிராமப்பக்கம் பழைய ஊர்கள் வழியா ஓட நல்ல ரூட் சொல்லுங்க

மெதுஓட்டம்:

வணக்கம் மக்களே. நாங்க பாரிஸ்ல இருக்கோம். மே கடைசியிலயோ இல்ல அக்டோபர் ஆரம்பத்துலயோ ஒரு வாரம் லீவு கிடைக்கும் போல இருக்கு, நானும் மனைவியும் ஏதாவது கிராமப்பக்கமா போய் ஒரே இடத்துல ரூம் எடுத்துத் தங்கி, காலைல நான் ஓட, அவங்க நடக்கவோ சைக்கிள் எடுக்கவோ பண்ணலாம்னு யோசனை. கார் கிடையாது, அதனால ரயிலோ பஸ்ஸோ போற இடமா இருக்கணும். சும்மா வயல், மரம்னு மட்டும் இல்லாம வழியில பழைய சர்ச், கோட்டை, பாலம்னு நின்னு பாக்குறதுக்கு ஏதாவது இருந்தாதான் எனக்கு காலைல எழுந்து ஷூ மாட்டவே மனசு வரும்.

சாதாரணமா 8ல இருந்து 12 கிமீ ஓடுவேன், ஒரு நாள் மட்டும் 18, 20 கிட்ட. செங்குத்தான இறக்கம் முட்டிக்கு ஆகாது. நெட்ல தேடினா லோவார், ப்ரோவான்ஸ்னு அதே நாலு ஊர்தான் திரும்பத் திரும்ப வருது, நேர்ல ஓடினவங்க சொன்னா நல்லா இருக்கும். ரேஸ் எதுவும் வேணாம்.

வைகறை:

கார் இல்லேன்னு படிச்சதுமே எனக்கு க்ளூனிதான் ஞாபகம் வந்துச்சு. தெற்கு பூர்கோன். பாரிஸ்ல கார் த லியோன் ஸ்டேஷன்ல டிஜிவி அதிவேக ரயில் ஏறினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள மாகோன்-லோஷே, அங்கேர்ந்து க்ளூனிக்கு பஸ் இருக்கு. அந்தப் பக்கம் ஓடிட்டிருந்த பழைய ரயில் லைனை மூடினப்புறம் தண்டவாளத்தை எடுத்துட்டு நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் தார்ப்பாதை போட்டுட்டாங்க, வுவா வெர்த்னு சொல்வாங்களே அதேதான். 1997-ல ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரைக்கும் 44 கிமீ திறந்தாங்க, பிரான்ஸ்லயே முதல் வுவா வெர்த் அதுதான். ரயிலுக்காகப் போட்ட வழிங்கறதால ஏத்தம் இறக்கம் காலுக்குத் தெரியவே தெரியாது, உங்க முட்டிக்கு இதைவிட நல்ல ரோடு கிடைக்காது.

க்ளூனியிலிருந்து வடக்கால போங்க. குரோன் ஆத்துப் பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கமும் மேய்ச்சல் நிலம், வெள்ளை வெளேர்னு ஷாரொலே மாடுங்க வேலிக்கிட்ட வந்து நின்னு பாக்கும். 10 கிமீ கிட்ட போனா மேட்டு மேல தெய்ஸே கிராமம், அங்க சின்னதா ஒரு ரோமனெஸ்க் (அரைவட்ட வளைவு வச்ச இடைக்காலப் பாணி) சர்ச் இருக்கு, கட்டாயம் ஏறிப் பாருங்க. இன்னும் கொஞ்சம் போனா கோர்மத்தன், 17ஆம் நூற்றாண்டு அரண்மனை, சுத்தி தண்ணி அகழியோட. போறதுக்கு மட்டும் ஓடிட்டு திரும்பறதுக்கு பஸ் பிடிச்சுக்கலாம், டைம் மட்டும் முதல் நாளே பாத்து வச்சுக்கங்க, ஏன்னா ஒண்ணு விட்டா அடுத்தது ரொம்ப நேரம் கழிச்சுதான். மேடம் க்ளூனியில வாடகை சைக்கிள் எடுத்தா உங்க கூடவே வரலாம்.

க்ளூனியைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். 910-ல ஆரம்பிச்ச மடம் அது, 1088-ல கட்ட ஆரம்பிச்ச மூணாவது சர்ச்தான் ரோம்ல செயின்ட் பீட்டர்ஸ் வர்ற வரைக்கும் கிறிஸ்தவ உலகத்துலயே பெருசு, 187 மீட்டர் நீளம். புரட்சிக்கப்புறம் அதை வித்து, இடிச்சு, கல்லைப் பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க, இப்ப நிக்கிறது பத்துல ஒரு பங்குகூட இருக்குமோ என்னவோ. ஓடி முடிச்சுட்டு மேற்கு வாசல் இருந்த இடத்துல நில்லுங்க, அங்க தூணோட அடிப்பாகம் மட்டும் இருக்கும், அங்கேர்ந்து எதிர்ல மிச்சம் நிக்கிற எட்டுப்பட்டைக் கோபுரத்தைப் பாருங்க. நடுவுல இருக்கிற அவ்வளவு காலி இடமும் ஒரே கூரைக்குக் கீழ இருந்துச்சுன்னு நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு அடைக்குது.

தெற்கால போனா புவா க்ளேர் டன்னல், 1.6 கிமீ நீளம், உள்ள நல்ல வெயில் காலத்துலயும் ஜில்லுனு இருக்கும், மெல்லிசா ஒரு ஜாக்கெட் இடுப்புல கட்டிக்கங்க. குளிர்காலத்துல வௌவால் தூங்கறதுக்காக மூடிடுவாங்க, மே மாசம் திறந்திருக்கும். அந்தப் பக்கம் வெளிய வந்தா திராட்சைத் தோட்டமும் பெர்ஸே-ல-ஷாத்தல் கோட்டையும்.

மலைவழி:

வைகறை சொன்னது நல்ல இடம்தான், ஆனா தார்ப்பாதையில ஒரு வாரம் முழுக்க ஓடினா எனக்குப் போரடிச்சிடும். பழைய காலத்து வழியிலேயே காலை வைக்கணும்னா ஜிஆர் 65 பக்கம் போங்க, ஜிஆர்னா கோடு போட்டு வச்ச நீள நடைபாதை. லெ புய்லேர்ந்து ஸ்பெயின் எல்லை வரைக்கும் யாத்திரைக்காரங்க ஸ்பெயின்ல இருக்கிற சந்தியாகோவுக்கு நடந்து போன வழி, 750 கிமீ கிட்ட. அதை முழுசா ஓட யாரும் சொல்லல, எஸ்பலியோன்ல ரூம் போட்டுக்கங்க. பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் ஸ்டேஷன்லேர்ந்து ரொதேஸுக்கு இரவு ரயில் இருக்கு, காலைல இறங்கி எஸ்பலியோனுக்கு பஸ். ரயில் நீங்க போற நாள்ல ஓடுதான்னு மட்டும் முன்னாடியே பாத்துக்கங்க.

1998-ல யுனெஸ்கோ இந்த யாத்திரை வழிகளை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தப்ப சர்ச், பாலம் எல்லாம் சேர்த்ததோட சில பாதைத் துண்டுகளையும் சேர்த்தாங்க, அதுல ஒண்ணு சன்-கோம்-தோல்த்திலிருந்து எஸ்தான் வரைக்கும் 17 கிமீ. உங்க நீள ஓட்டத்துக்கு அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கு. சன்-கோம்ல சர்ச் கூரைக் கோபுரம் முறுக்கிவிட்ட மாதிரி சுழண்டு மேல போகும், மரச்சட்டத்தை அப்படித்தான் கட்டியிருக்காங்க. அங்கேர்ந்து எஸ்பலியோனுக்கு ஜிஆர் ஒரு மேட்டு மேல ஏறி இறங்கும், முட்டி பயம்னா லோ ஆத்தோரமா சின்ன ரோட்டுலயே போயிடுங்க. ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி பெர்ஸ் சர்ச், முழுக்க செம்மணற்கல், காலை வெயில் பட்டா அந்தச் சுவர் நிறத்தைப் பாத்துட்டே நின்னுடுவீங்க. அப்புறம் எஸ்பலியோன் பழைய பாலம், அதுவும் சிவப்புக் கல், பக்கத்துல தோல் பதனிடுறவங்க வீடுங்க வரிசையா ஆத்து மேல மரப் பால்கனியை நீட்டிட்டு நிக்கும்.

எஸ்பலியோன் தாண்டி பெஸுவெஜூல்ஸ் சர்ச்ல நில்லுங்க. மணிக்கூண்டுக்குள்ள குறுகலான கல்படி ஏறினா மேல ஒரு குட்டிச் சாப்பல், 11ஆம் நூற்றாண்டுப் பலிபீடம் அங்கேயே இருக்கு. படி நடுவுல குழிஞ்சு தேஞ்சிருக்கும், ஓடற ஷூவோட கவனமா ஏறுங்க. அதுக்கப்புறம் உடனே ஒரு செங்குத்து ஏத்தம், மழை பெஞ்சிருந்தா களிமண் ஷூவுல அப்பிக்கும், அங்க நடந்துடுங்க, நானும் நடப்பேன். எஸ்தான் வந்ததும் பாலத்துல நின்னு கோட்டையைப் பாருங்க.

அதே வழியில இன்னும் தள்ளி இருக்கிற கோங்க் ஊர் வரைக்கும் போகணும்னு ஆசை வரும். சர்ச் வாசல் மேல கடைசித் தீர்ப்பு சிற்பம், 124 உருவம் செதுக்கியிருக்காங்க, பாக்க வேண்டியதுதான். ஆனா ஜிஆர்ல ஊருக்குள்ள இறங்கற அந்தக் கடைசிப் பாதை பலகைக்கல்லும் சரளையுமா நேரா கீழ போகும், உங்க முட்டிக்கு வேணாம்.

இன்னொண்ணு, காலைல அந்த வழியில பெரிய பையோட யாத்திரைக்காரங்க நடந்துட்டிருப்பாங்க, பின்னாடியிலிருந்து சத்தமில்லாம வந்து தாண்டாதீங்க, தூரத்துலயே போன்ஜூர் சொல்லிட்டு வேகத்தைக் குறைங்க. அவங்க வழி அது.

துலூஸ் தம்பி:

அண்ணை, மட்டமான பாதைதான் வேணும் எண்டால் கனால் து மிதி கால்வாயை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? நான் துலூஸ் பக்கம்தான் இருக்கிறன், ஞாயிறு நீள ஓட்டம் எல்லாம் அதிலதான். 1666-ல தொடங்கி 1681-ல திறந்தது, துலூஸில இருந்து கடல் பக்கம் 240 கிமீ. கட்டின பியேர்-போல் ரிக்கே திறக்கிறதுக்கு முதல் வருசமே செத்துப்போனார், பாவம், தன்ர காசையும் அதுக்குள்ளயே கொட்டினவர்.

உங்களுக்கு நான் சொல்லுறது அவின்யோனே-லோராகே ஸ்டேஷனில ரயிலால இறங்கி, கால்வாய்க் கரையைப் பிடிச்சு காஸ்தெல்னோதாரி வரைக்கும் ஓடுறது. 20 கிமீக்குள்ளதான் வரும், அங்கயும் ரயில் ஸ்டேஷன் இருக்கு, பிறகென்ன. நடுவில நோரூஸ், அதுதான் முழுக் கால்வாயிலயும் உச்சி இடம், 189 மீட்டர் உயரம். கறுப்பு மலையில இருந்து கொண்டுவாற தண்ணி அங்க வந்து விழுந்து ஒரு பக்கம் அட்லாண்டிக்குக்கும் மற்றப் பக்கம் மத்தியதரைக் கடலுக்கும் பிரிஞ்சு போகுது. உச்சிக்குத் தண்ணி எங்கயிருந்து குடுக்கிறது எண்டதுதான் எல்லாரையும் மறிச்ச கேள்வி, அதுக்கு விடை கண்டுபிடிச்சபடியால்தான் இந்தக் கால்வாயே வந்தது.

அந்தத் தண்ணி வாற வாய்க்காலை ரிகோல் எண்டு சொல்லுவினம், அதின்ர கரையில ஒரு மண்பாதை இருக்கு, மர நிழல், சைக்கிள்காரரும் குறைவு. கால்வாயை விட எனக்கு இதுதான் பிடிப்பு. நேரம் இருந்தால் அதில ஒரு காலை ஓடிப்பாருங்கோ.

மெதுஓட்டம்:

இவ்வளவு விவரமா எதிர்பாக்கல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்பி, கால்வாய் மரமெல்லாம் வெட்டிட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே, நிழல் இருக்கா? அப்புறம் மலைவழி அக்கா, ஜிஆர்ல வழி தப்பாம இருக்க போன்லயே மேப் பாத்துட்டு ஓடணுமா? தண்ணி எவ்வளவு தூக்கிட்டுப் போகணும்?

துலூஸ் தம்பி:

உண்மைதான் அண்ணை. 2006-ல பிளாத்தான் மரங்களுக்கு ஒரு பூஞ்சண நோய் வந்திருக்கிறதைக் கண்டுபிடிச்சினம், மருந்தில்லை, வேரால பக்கத்து மரத்துக்கும் தண்ணியால தூரத்துக்கும் பரவும், அதால ஆயிரக்கணக்கில வெட்ட வேண்டி வந்திட்டுது. வேற இன மரங்கள் நட்டிருக்கினம், வளர நாளெடுக்கும். சில இடத்தில மொட்டையா இருக்கும், அதால ஜூலை ஆகஸ்டில வராதேங்கோ, மே சரி. மண்பாதை வாற இடங்களில பழைய வேர் நிலத்தைத் தூக்கிக்கொண்டு நிக்கும், மரத்தைப் பாத்துக்கொண்டு ஓடினால் கணுக்கால் போயிடும்.

மலைவழி:

போன் வேணாம், கோடு பாத்தே போகலாம். மரத்துலயோ கல்லுலயோ மேல வெள்ளை கீழ சிவப்புன்னு ரெண்டு பட்டை போட்டிருந்தா வழி சரி, கீழ ஒரு வளைவு அம்புக்குறி இருந்தா திரும்பணும், பெருக்கல் குறி மாதிரி போட்டிருந்தா அந்தப் பக்கம் போகக்கூடாது. 1947-ல ஓர்லியோன் பக்கம் முதல் ஜிஆர் போட்ட காலத்திலேர்ந்து இதே வெள்ளை சிவப்புதான். மஞ்சள் ஒத்தைக் கோடுன்னா அந்த ஊரோட சின்ன வட்டப்பாதை, காலைல 8 கிமீ ஓட அதுதான் சுகம். கொஞ்ச தூரம் கோடே கண்ணுல படலேன்னா கடைசியா பாத்த இடத்துக்குத் திரும்பிடுங்க. ஓடறவங்க திருப்பத்தைத் தவற விடறது நடக்கறவங்களைவிட ஜாஸ்தி.

மேய்ச்சல் பக்கம் போகையில ஆட்டு மந்தையோட பெரிய வெள்ளை நாய் நின்னா ஓட்டத்தை நிறுத்திட்டு நடந்து, மந்தையைச் சுத்தி தள்ளிப் போங்க. ஓடினா அது துரத்தும், அதோட வேலை அது.

வைகறை:

தண்ணிக்கு ஒரு வழி: கிராமத்துல கல்லறைத் தோட்டம் இருந்தா வாசல் பக்கம் பெரும்பாலும் குழாய் இருக்கும், நடக்கறவங்க எல்லாம் அங்கதான் பிடிப்பாங்க. நோன் பொத்தாப்ள் (குடிக்கத் தகாதது)னு பலகை இருந்தா குடிக்காதீங்க. அரை லிட்டர் பாட்டில் கையில இருந்தா போதும். பேக்கரியை நம்பி ஓடாதீங்க, சின்ன ஊர்ல மதியம் சாத்திடுவாங்க, திங்கக்கிழமை நிறைய கடை மூடித்தான் இருக்கும்.

மாசம் எதுன்னு கேட்டா நான் மேன்னுதான் சொல்வேன். ராத்திரி ஒம்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஆனா அசான்சியோன், பாந்த்கோத்னு வர்ற கிறிஸ்தவப் பண்டிகை லீவு நீள வாரக்கடைசியில ரூம் கிடைக்காது, இப்பவே புக் பண்ணுங்க. அக்டோபர்னா திராட்சை பறிச்சு முடிச்சு இலை மஞ்சளாகி அழகா இருக்கும்தான், ஆனா வேட்டை சீசன், செப்டம்பர்லேர்ந்து பிப்ரவரி கடைசி வரைக்கும். காட்டு வழியில ஷாஸ் ஆன் கூர் (வேட்டை நடக்குது)னு பலகை வச்சிருந்தா திரும்பிடுங்க, ஆரஞ்சுல பளிச்சுனு ஒரு பனியன் போட்டுக்கங்க.

மெதுஓட்டம்:

முடிவு பண்ணிட்டோம். மே கடைசியில க்ளூனி, மனைவிக்கு சைக்கிள் பாதைன்னதுமே அவங்க கட்சி மாறிட்டாங்க. எஸ்பலியோன் அடுத்த லீவுக்கு, அந்த 17 கிமீயை விடறதா இல்ல. வைகறை, கோர்மத்தன்லேர்ந்து திரும்பற பஸ்ல ஞாயித்துக்கிழமை சர்வீஸ் இருக்கா, இல்ல நீள ஓட்டத்தை சனிக்கிழமையே வச்சுக்கட்டுமா?

வைகறை:

சனிக்கிழமையே வச்சுக்கங்க. ஞாயிறுல பஸ் குறைவு, ஞாயிறு காலைல க்ளூனி ஊருக்குள்ளயே பழைய மதில் ஓரமா ஒரு சுத்து மெதுவா ஓடிட்டு மடத்துக்கு உள்ள போய் நிதானமா பாருங்க.