நீருக்குள் சுருளிவில்லின் அலைவுகாலம் கூடுவது தணிப்பாலா?

உயர்தரம்_களுவாஞ்சிகுடி
வணக்கம் சேர். 10 நியூற்றன்/மீற்றர் மாறிலியுள்ள சுருளிவில் (திணிவு 30 கிராம்), அதில் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பந்து: 200 கிராம், விட்டம் 5.8 செ.மீ. காற்றில் 20 அலைவுக்கு 18.2 செக்கன். பெரிய வாளித் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி ஆடவிட்டால் 20.4 செக்கன். வீச்சம் 4 செ.மீ.இலிருந்து 2 செ.மீ. ஆக 4 அலைவு, பிறகு 1 செ.மீ. ஆக இன்னும் 8 அலைவு. தணிப்பு (தடைவிசையால் வீச்சம் படிப்படியாகக் குறைவது) அலைவுகாலத்தைக் கூட்டும் என்று படித்தோம், கணக்கில் போட்டால் இவ்வளவு வரவில்லை. மேலுதைப்புத்தான் காரணமா?

கல்முனை_ஆய்கூடம்
இரண்டும் இல்லை, தங்கச்சி. வீச்சம் வேகமாகக் குறைந்த முதல் 4 அலைவையே எடுங்கள். வீச்சம் பாதியாவதால் ln 2 = 0.693; தணிப்பு விகிதம் = 0.693 ÷ (2π × 4) = 0.028. அலைவுகாலம் கூடுவது இதன் வர்க்கத்தில் பாதி, அதாவது ஏறத்தாழ 0.04%. 18 செக்கனில் அது 0.007 செக்கன். நிறுத்தற் கடிகாரத்தில் பிடிபடவே மாட்டாது.

பந்து முழுக்க அமிழ்ந்திருக்கும்வரை மேலுதைப்பு மாறிலி. சமநிலைத் தானத்தை 10 செ.மீ. மேலே தூக்கும், மீள்விசையைத் தொடாது. ஆனால் ஆடும்போது பந்து நீர்மட்டத்துக்கு மேல் தலைகாட்டினால் மேலுதைப்பும் மீள்விசையோடு சேர்ந்துவிடும், அலைவுகாலம் குறையும். மேற்பக்கம் 10 செ.மீ. ஆவது ஆழத்தில் இருக்கட்டும்.

உண்மைக் காரணம், பந்து ஆர்முடுகும்போது சுற்றியுள்ள நீரையும் ஆர்முடுக்க வேண்டியிருப்பது. கோளத்துக்கு இந்தக் கூடுதல் திணிவு, இடம்பெயர்ந்த நீரின் திணிவில் பாதி. உங்கள் பந்துக்கு 102 இல் பாதி, 51 கிராம். வில்லும் சேர்ந்து ஆடுவதால் அதன் திணிவில் மூன்றிலொன்று, 10 கிராம். 200 + 10 + 51 = 261 கிராம், 20 அலைவுக்கு 20.3 செக்கன். வாளிச் சுவர் கிட்ட இருந்தால் நீர் ஒடுங்கிய இடைவெளியால் விரைந்து ஓட வேண்டும், கூடுதல் திணிவு இன்னும் கொஞ்சம் ஏறும். பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லாதது பெரிய குறை, ஏனென்றால் தணிப்பைக் காட்ட எல்லோரும் முதலில் தேடுவது தண்ணீரைத்தான்.

உயர்தரம்_களுவாஞ்சிகுடி
நன்றி சேர். 51 கிராம் சரிதான் என்று பரிசோதனையால் காட்ட முடியுமா?

கல்முனை_ஆய்கூடம்
முடியும். பந்தை மாற்றாமல் மணலை மட்டும் மாற்றி 150 முதல் 200 கிராம் வரை ஐந்து வாசிப்பு எடுங்கள். T² (அலைவுகாலத்தின் வர்க்கம்) எதிர் திணிவு வரைபைக் காற்றுக்கும் நீருக்கும் ஒரே தாளில் கீறுங்கள். படித்திறன் இரண்டிலும் 3.95 செக்கன்²/கி.கி. வரவேண்டும், வில் மாறவில்லையே. வெட்டுத்துண்டு மட்டும் 0.04 இலிருந்து 0.24 செக்கன்² அளவுக்கு உயரும். உயர்வைப் படித்திறனால் வகுத்தால் 51 கிராம்.

ஒவ்வொரு முறையும் பந்தைத் துடைத்துத் திரும்ப நிறுங்கள். மூடியால் நீர் கசிந்தால் திணிவு சத்தமில்லாமல் ஏறும். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழையும் தட்டி விடுங்கள். எண்ணத் தொடங்குவது சமநிலைத் தானத்தைக் கடக்கும்போது. அலைவின் முனையில் பந்து மெதுவாகத் திரும்புவதால் கணம் தெளிவாகத் தெரியாது.

அக்கரைப்பற்று_பௌதிகம்
அந்த 4, 8 என்ற எண்களை விட்டுவிடாதீர்கள். தடைவிசை வேகத்துக்கு விகிதசமமானால் ஒவ்வொரு பாதியாதலுக்கும் ஒரே எண்ணிக்கை அலைவு வேண்டும். உங்களுக்கு இரட்டிப்பாகிறது. இங்கே வேகம் செக்கனுக்கு 25 செ.மீ. வரை போகிறது, பந்துக்குப் பின்னால் சுழிகள் எழும், தடைவிசை வேகத்தின் வர்க்கத்தோடு போகும். வீச்சத்தின் மடக்கை எதிர் அலைவெண்ணிக்கை வரைபு வளையும். 1/வீச்சம் எடுத்தால் நேர்கோடு: 0.25, 0.5, 1.

புத்தகத்துத் தணிப்பையே பார்க்க வேண்டுமானால் நீரை விடுங்கள். பந்துக்குப் பதில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தொங்கவிட்டு, பக்கத்தில் தடித்த அலுமினியத் தகட்டை நிறுத்துங்கள். தகட்டில் தூண்டப்படும் மின்னோட்டம் வேகத்துக்கு விகிதசமமாகத் தடுக்கும், கூடுதல் திணிவும் இல்லை. தாங்கியும் கொளுவியும் இரும்பாக இருக்கக்கூடாது.

எளிய ஊசலை நீரில் ஆட்டினால் கதை வேறு. அங்கே மீள்விசையே நிறையிலிருந்து வருவதால் மேலுதைப்பும் கணக்கில் வரும். நீரைப்போல் 7.8 மடங்கு அடர்த்தியுள்ள இரும்புக் குண்டுக்கு √((7.8 + 0.5) ÷ (7.8 − 1)) = √(8.3 ÷ 6.8), சுமார் 10% கூடும். காற்றில் ஆடும் ஊசலுக்கே இந்தக் கூடுதல் திணிவுத் திருத்தம் தேவை என்று ஜேர்மன் வானியலாளர் பெசல் 1828 இல் காட்டினார்.