ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்: கேக்குக்கு மாவு அரைக்க வைத்த விளையாட்டு

ஆன்லைன் ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடுகிற விளையாட்டு, பக்கமே போகாத ஆள் நான். கிரிக்கெட், அப்புறம் கொஞ்சம் சுடுகிற விளையாட்டு, அவ்வளவுதான். அலுவலகத்தில் பக்கத்து சீட் தம்பி மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு குட்டி மனிதனை நிறுத்தி மரம் வெட்டிக்கொண்டே இருப்பான். "என்னப்பா, விறகுக் கடை வைக்கப் போறியா?" என்று கேட்டதற்கு, "ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்ண்ணே, ஃப்ரீதான், போட்டுப் பாருங்க" என்றான். போட்டேன்.

பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. ஆட்களுக்கு விரல் கிடையாது, மரங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியவை போல நிற்கின்றன. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்களாம். மூல ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் வந்தது. இங்கிலாந்துக்காரர் ஆண்ட்ரூ கோவர் தன் சகோதரர்களோடு சேர்ந்து உருவாக்கியது. 2012இல் சண்டை போடும் முறையை அடியோடு மாற்றியதும் பழைய ஆட்கள் கொதித்துப்போனார்கள். 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி விளையாட்டை நடத்தும் நிறுவனத்திடம் இருந்தது. வாக்கெடுப்பு நடத்தி, 2013 பிப்ரவரியில் அதையே தனி விளையாட்டாகத் திறந்துவிட்டார்கள். போனுக்கு வந்தது 2018இல். எனக்கு இதில் லாபம்தான்: என் ஓட்டைப் போனிலும் சூடாகாமல் ஓடுகிறது.

முதலில் ஒரு பயிற்சித் தீவு. இறால் பிடிக்கணும், சுடணும், ரொட்டி போடணும். செம்பும் வெள்ளீயமும் வெட்டி எடுத்து, உலையில் உருக்கி, வெண்கலமாக்கி, அதில் ஒரு குத்துவாள் அடிக்கணும். அப்புறம் ஒரு எலியைக் கொல்லணும். மந்திரவாதியாகப் பிறப்போம் என்று நினைத்து வந்தவனுக்கு ஐடிஐ சேர்ந்த மாதிரி இருந்தது.

அதன்பின் லம்பிரிட்ஜ் என்ற ஊரில் இறக்கிவிடுகிறார்கள். அம்புக்குறி இல்லை, "அடுத்து இங்கே போ" இல்லை. கோட்டைச் சமையலறையில் ஒரு சமையற்காரர் புலம்பிக்கொண்டு நிற்கிறார். ஊர்த் தலைவரான டியூக்குக்குப் பிறந்தநாள், கேக் செய்யச் சாமான் இல்லை. ஒரு முட்டை, ஒரு வாளி பால், ஒரு பானை மாவு கொண்டு வரச் சொல்கிறார். கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால், அது அவ்வளவு எளிதில்லை.

பானை சமையலறை மேசையிலேயே இருக்கிறது, வாளி கீழே நிலவறையில். முட்டைக்குக் கோழிப்பண்ணை. பாலுக்கு மாட்டுத் தொழுவம். அங்கேயும் எல்லா மாடும் கறக்காது, கறவை மாட்டைத் தேடிப் பிடிக்கணும். மாவுதான் அருமை. வயலில் இறங்கிக் கோதுமை பறித்து, காற்றாலையின் உச்சி மாடிக்கு ஏறி, அங்கிருக்கும் பெட்டியில் தானியத்தைக் கொட்டி, நெம்புகோலை இழுக்கணும். அப்புறம் ஏணியில் கீழே இறங்கினால் தரைத்தளத் தொட்டியில் மாவு விழுந்து கிடக்கும். பானையில் அள்ளிக்கொள்ளலாம். ஏறி இறங்கி அந்த மாவைக் கையில் எடுத்தபோது அப்படி ஒரு திருப்தி. சுடுகிற விளையாட்டில் பத்துப் பேரைச் சாய்த்தாலும் எனக்கு இது வந்ததில்லை. சமையற்காரர் 300 சமையல் புள்ளிகளும் ஒரு குவெஸ்ட் பாயிண்டும் (இப்படி ஒரு வேலையை முடித்ததற்கான மதிப்பெண்) கொடுத்தார்.

பக்கத்து வேலிக்குள்ளே புது ஆட்கள் கூட்டமாக மாடுகளை வெட்டித் தோல் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்னவோ கை வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்களிடம் போய்விட்டேன்.

நெட் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் விளையாடுவது ஜெர்மனி சர்வரில். மற்ற விளையாட்டுகளில் இந்தத் தூரத்துக்கு எதிராளி சுட்டு முடித்த பிறகுதான் எனக்கு அவன் உருவமே தெரியும். இங்கே அந்தக் கவலை இல்லை, ஏனென்றால் இந்த உலகம் 0.6 விநாடிக்கு ஒருமுறைதான் நகர்கிறது. வெட்டு, அடி, நடை எல்லாமே அந்தத் தாளத்தில்தான். கால் விநாடித் தாமதம் பெரிதாகத் தெரிவதே இல்லை. சுமாரான நெட் வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

வாரோக் நகரச் சந்தைக்குப் போனால் திருவிழாக் கூட்டம். தலைக்கு மேலே கலர் கலராக, அலையலையாக ஆடுகிற எழுத்துகள்: வாங்குகிறேன், விற்கிறேன், பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன். ஒருவர் என்னை நிறுத்தி, "கவசத்துக்கு இலவசமாகத் தங்கக்கரை போட்டுத் தருகிறேன், கழற்றிக் கொடு" என்றார். என்னிடம் இருந்ததோ வெண்கலத் தலைக்கவசம் ஒன்றுதான். அதைச் சொன்னதும் ஆளைக் காணோம். தம்பியிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான். அது ரொம்பப் பழைய ஏமாற்று வேலையாம். கரை போட்ட கவசம் புதையல் தேடலில் பரிசாகத்தான் கிடைக்கும், யாராலும் கையால் போட முடியாது.

பிடிக்காததும் உண்டு. மரம் வெட்டுவது, சமைப்பது மாதிரி ஒரு திறனில் உச்ச லெவல் 99. அதற்கு 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். 92 வந்ததும் "ஆச்சு, இன்னும் ஏழுதான்" என்று நினைத்தால், அதுதான் பாதி வழி! மரத்தைத் தட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்தான். ஆனால் மணி பார்த்தால் ராத்திரி ஒன்று. வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் இதைக் கண்ணில் காட்ட வேண்டாம் என்பேன்.

உங்களுக்கு முதல் நாள் எப்படி இருந்தது?

மறுமொழி:

நீங்கள் வாரோக்குக்கு உயிரோடு போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம். ஊருக்குத் தெற்கே கல் வட்டத்தில் நிற்கும் கருப்பு மந்திரவாதிகள் உங்களை விட்டார்களா? நான் போன வேகத்தில் சுருட்டிவிட்டார்கள். லம்பிரிட்ஜில் கண் விழித்தேன். செத்தால் விலை அதிகமான மூன்று பொருள் நம்மோடு வரும், மற்றது கல்லறையில் 15 நிமிடம் கிடக்கும். அதை எடுக்க ஓடினால் அதே ஆட்கள் அங்கேயே நிற்கிறார்கள், திரும்பவும் சாவு. வழியில் நின்ற ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் முன்னால் நடந்து காட்டினார். கிழக்கே சுரங்கத்தை ஒட்டிச் சுற்றி, ஊர் வாசல் வரைக்கும். நன்றி சொல்ல டைப் அடிப்பதற்குள் போய்விட்டார்.

புதியவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு பகைவனின் லெவல் எவ்வளவோ, அதைப்போல் இரண்டு மடங்கை உங்கள் சண்டை லெவல் தாண்டிவிட்டால் அவன் தானாக வந்து அடிக்க மாட்டான். அந்த மந்திரவாதிகளில் பெரியவன் 20. நீங்கள் 41 ஆனபின் நடுவிலேயே நடந்து போகலாம். நான் வேண்டுமென்றே போய் நின்றேன்.

மறுமொழி:

நான் முதலில் பேசிய ஆள் வெனிசுவேலாக்காரர். காசு கட்டி மெம்பர் ஆகிய புதிதில் பச்சை டிராகன் இருக்கும் இடத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனேன். ஸ்பானிஷில் என்னவோ கேட்டார், எனக்குப் புரியவில்லை. அப்புறம் அரைகுறை ஆங்கிலத்தில், "இது என் வேலை, வேறு இடம் போகிறாயா" என்றார். உண்மையிலேயே வேலைதான். 2017 வாக்கில் அங்கே பணம் மதிப்பிழந்து கிடந்தபோது, நிறையப் பேர் இந்த டிராகன்களைக் கொன்று சேர்த்த விளையாட்டுத் தங்கத்தை டாலருக்கு விற்றுச் சோறு சாப்பிட்டார்கள். விதிப்படி தப்பு, மாட்டினால் கணக்கைத் தூக்கிவிடுவார்கள். சரியா தப்பா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு நான் வேறு சர்வருக்கு மாறிக்கொண்டேன். அண்ணா, நீங்கள் மெம்பர்ஷிப் போடப்போகிறீர்களா?

மறுமொழி:

இப்போதைக்கு இல்லைம்மா. பாண்ட் என்ற மெம்பர்ஷிப் சீட்டு ஒன்று வாங்கினால் 14 நாள் வருமாம். விளையாட்டுத் தங்கத்திலேயே வாங்கலாம் என்றாலும், என் கையிருப்புக்கு அது ஆகிற கதையில்லை. இலவசப் பகுதியில் கடைசிப் பெரிய குவெஸ்ட் டிராகன் வேட்டை. அதைத் தொடங்கவே 32 குவெஸ்ட் பாயிண்ட் கேட்கிறார்கள். கேக் கொடுத்தது ஒன்று. இப்போது ஒரு விவசாயி 20 கம்பளி நூலுருண்டை கேட்டிருக்கிறார், ஆட்டைப் பிடித்து மயிர் கத்தரிக்கிறேன், பாதிக்கு மேல் தப்பி ஓடுகின்றன.